நாற்பத்தொன்பதுக்கு அப்பால்

மயிலாடுதுறையிலிருந்து செம்பனார்கோயில், ஆக்கூர் வழியாகக் காரைக்கால் போகும் சாலையில் இருக்கிறது திருக்கடையூர். வைகாசியானாலும் மார்கழியானாலும் அந்தச் சாலையில் கல்யாண வேன்கள் ஓய்வதில்லை. பட்டு வேட்டியில் அப்பாவும் புதுப் புடவையில் அம்மாவும் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். மகன், மருமகள், பேரப்பிள்ளைகள், சம்பந்தி வீட்டார் எல்லாம் பின்னால். அமிர்தகடேசுவரர் கோயிலில் கலச நீர் ஊற்றி, மாலை மாற்றி, மறுபடி தாலி கட்டி, பிள்ளைகள் காலில் விழுந்து எழுந்தால் அறுபதாம் கல்யாணம் நிறைவடையும். எழுபதில் பீமரத சாந்தி, எண்பதைத் தாண்டினால் சதாபிஷேகம். இந்தப் பக்கத்துக்காரி என்பதால் இப்படி எத்தனையோ கல்யாணங்களில் பந்தியில் உட்கார்ந்திருக்கிறேன். ஒன்றில்கூட மணப்பெண்ணுக்கு என்ன வயது என்று யாரும் கேட்டதில்லை.

அவளுக்கு ஐம்பத்திரண்டோ ஐம்பத்தைந்தோ இருக்கும். ஆனால் கணக்கு அவருடையது. அறுபது ஆண்டுச் சக்கரம் சுற்றி முடித்து, அவர் பிறந்த வருடத்தின் பெயர் திரும்பி வருகிறது, அதற்குத்தான் விழா. அவள் பிறந்த வருடம் எப்போது திரும்புகிறது என்பது அழைப்பிதழில் இருக்காது. அவர் முன்னால் போய்விட்டால் அவளுக்கு அறுபது வயது வரும், அறுபதாம் கல்யாணம் வராது. அந்தக் கோயிலின் தலபுராணமோ மார்க்கண்டேயனுடையது. லிங்கத்தைக் கட்டிக்கொண்ட பிள்ளைக்காகக் காலனையே சிவன் உதைத்தார். பிள்ளை என்றும் பதினாறாக இருக்க வரம் பெற்றான். ஒரு பக்கம் பதினாறு, ஒரு பக்கம் அறுபது. நடுவில் உள்ள வயதுக்கு அங்கே கதையும் இல்லை, சடங்கும் இல்லை.

நான் பிறந்தது 1975. பஞ்சாங்கப்படி ராட்சச வருடம். விசுவாவசு ஆவணியில் எனக்கு ஐம்பது நிறைந்தது. ராட்சசம் திரும்பி வர 2035 ஆக வேண்டும். மகனும் மகளும் சேர்ந்து கேக் வாங்கி அனுப்பியிருந்தார்கள். ஐந்து ஒன்றும் சுழியம் ஒன்றுமாக இரண்டு மெழுகுவத்திகள். எனக்கு அது உண்மையாகவே பிடித்திருந்தது. என் பெயர் மட்டும் எழுதிய ஒரு பண்டம், என் வயதுக்கு மட்டுமான ஒரு நாள். அதுவரை என்னைச் சுற்றி நடந்த விழாக்களை அன்றிரவு நினைத்துப் பார்த்தேன். மஞ்சள் நீராட்டு, கல்யாணம், வளைகாப்பு. மூன்றுமே கருப்பைக்கு நடந்தவை. அது தயாரென்று ஊருக்குச் சொல்ல ஒன்று, இன்னொரு குடும்பத்திடம் ஒப்படைக்க ஒன்று, நிறைந்துவிட்டதென்று கொண்டாட ஒன்று. வளைகாப்புக்கு அப்புறம் கால் நூற்றாண்டு ஓடிவிட்டது. அந்தக் கால் நூற்றாண்டில்தான் நான் சம்பாதித்தேன், பிள்ளைகளை ஆளாக்கினேன், மாமனாரைக் கடைசிவரை பார்த்துக்கொண்டேன், படிக்க வேண்டியதைப் படித்தேன். அதற்கென்று ஒரு பெயரும் ஒரு நாளும் தமிழில் எங்கே இருக்கின்றன என்று தேடத் தொடங்கினேன்.

முதலில் உலா நூல்களுக்குப் போனேன். தலைவன் வீதியில் பவனி வருகிறான். ஏழு பருவப் பெண்கள் அவனைக் கண்டு உருகுகிறார்கள். பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண். பாட்டியல் நூல்கள் இவர்களுக்கு வயதும் வகுத்திருக்கின்றன. பேதைக்கு 5 முதல் 7. பேரிளம்பெண்ணுக்கு 32 முதல் 40. சேரமான் பெருமாளின் திருக்கயிலாய ஞான உலாவிலும் ஒட்டக்கூத்தரின் மூவருலாவிலும் இந்த ஏழு பேர்தான். ஐந்து வயதுக் குழந்தைக்குக்கூட அந்த வீதியில் ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். நாற்பத்தோரு வயதுக்காரிக்கு இல்லை. அவள் அங்கே இல்லாமலா இருந்திருப்பாள்? வாசல் தெளித்தவளும், மயங்கி நிற்கும் மகளைத் தாங்கிப் பிடித்தவளும் அவள்தானே. தாயாக, செவிலியாக ஓரத்தில் வந்துபோவாள். தனக்கென்று ஒரு பருவம் உடையவளாக வரமாட்டாள்.

அடுத்து நம் பெண் கவிகளிடம் போனேன். இங்கேதான் என் மனம் நின்றுவிட்டது. ஆண்டாள் மணப்பெண்ணாகவே அரங்கனோடு கலந்துவிடுகிறாள். அவளுக்கு முப்பதுகூட ஆகவில்லை. காரைக்கால் அம்மையார் எங்கள் பக்கத்து ஊர்க்காரர். ஆனிப் பௌர்ணமியில் மாங்கனித் திருவிழாவுக்குப் போனால், மாடிகளிலிருந்து வாரி இறைக்கும் மாம்பழத்துக்காகக் கைகள் மேலே நீளும் கூட்டத்தில் நானும் நின்றிருக்கிறேன். புனிதவதியின் கணவன் பரமதத்தன், மாங்கனியில் தெரிந்த அதிசயத்தைக் கண்டு மிரண்டு, கடல் வாணிகம் என்று கிளம்பியவன் பாண்டி நாட்டில் வேறு குடும்பம் அமைத்துக்கொள்கிறான். தேடி வந்தவளின் காலில் மனைவியோடும் குழந்தையோடும் விழுகிறான். அவனுக்காகத் தாங்கிய உடம்பு இனி வேண்டாம் என்று அவள் இறைவனிடம் கேட்டு, தசையை உதறிப் பேயுருக் கொள்கிறாள். சேக்கிழார் பக்தியாகச் சொன்னதை நான் பக்தியாகவே படிக்கிறேன். கூடவே இன்னொன்றும் தோன்றுகிறது. வணிகர் குலத்தில் பெரிய வீட்டுப் பெண் அவள். கணவன் போன பிறகு, கடற்கரை ஊரில் அந்த வீட்டில், புனிதவதியாகவே அவள் இன்னும் முப்பது ஆண்டு வாழ்ந்திருக்கலாம். கணக்குப் பார்த்திருக்கலாம், அடியார்க்குச் சோறு போட்டிருக்கலாம், பாடியிருக்கலாம். அப்படி ஒருத்தியை என்னவென்று அழைப்பது என்று அந்த ஊருக்குத் தெரிந்திருக்காது. தசையோடு இருக்கும்வரை அவள் யாரோ ஒருவனின் மனைவி. எலும்பான பிறகுதான் இறைவனே அம்மா என்று அழைக்கும் இடத்துக்கு வருகிறாள்.

ஔவை கதை இன்னும் தெளிவாக இருக்கிறது. கல்யாணம் பேசி வருகிறார்கள். அவள் பிள்ளையாரிடம் போய், இந்த இளமையை எடுத்துக்கொள் என்று அழுகிறாள். மறுகணம் நரைத்த தலையும் கையில் கோலுமாகக் கிழவியாகிவிடுகிறாள். சின்ன வயதில் பாட்டி சொல்லக் கேட்டபோது இது எனக்கு வரமாகவே தோன்றியது. இன்று கேட்கும்போது வேறொன்று கேட்கிறது. தமிழ்நாட்டில் ஒரு பெண் தனியாக ஊர் ஊராக நடந்து, அரசனிடமும் உழவனிடமும் ஒரே குரலில் பேச வேண்டுமானால் அவள் கிழவியாக இருக்க வேண்டும். அதற்காக நாற்பது ஆண்டுகளைத் தாண்டிக் குதிக்க வேண்டும். அந்த நாற்பது ஆண்டுகளை யாரிடம் கொடுத்தாள், அவை என்ன ஆயின என்று கதை கேட்பதில்லை. 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது மெரினாவில் நிறுவிய சிலையிலும் அவள் கோலூன்றித்தான் நிற்கிறாள்.

சங்கத்து ஔவை இப்படி இல்லை. அவள் பெயரில் 59 பாடல்கள் இருக்கின்றன. அதியமானோடு கள்ளைப் பகிர்ந்தவள், அவனுக்காகத் தொண்டைமானிடம் தூது போனவள், அவன் இறந்தபோது கையற்று நின்று பாடியவள். பகை வேந்தன் ஒருவன் அவளை விறலி என்றே விளித்து, உங்கள் நாட்டில் போரிடுவார் உண்டா என்று கேட்பதாக ஒரு புறப்பாடல் உண்டு. உலகம் பார்த்த, வேலை தெரிந்த, துக்கம் தாங்கத் தெரிந்த ஒரு பெண்ணின் குரல் அது. எனக்கு அவளை நாற்பத்தைந்து, ஐம்பது வயதில்தான் கற்பனை செய்ய முடிகிறது. பிற்காலம் பல ஔவைகளை ஒருத்தியாக்கியபோது இவளுக்கும் கோலைக் கொடுத்துவிட்டது.

அந்தக் கோலை வாங்கிக்கொண்டு உயிரோடு வாழ்ந்த ஒரு பாடகியும் உண்டு. கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள். கணவர், நாடக நடிகர் எஸ்.ஜி. கிட்டப்பா 1933-இல் இறந்தபோது சுந்தராம்பாளுக்கு இருபத்தைந்து வயது. வெள்ளைக்கு மாறினார், இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். 1935-இல் ‘நந்தனார்’ எடுத்தபோது நந்தனாராக அவரே ஆண்வேடம் கட்டினார். 1951-இல் சென்னை மாநில மேலவை உறுப்பினரானார். 1953-இல் எஸ்.எஸ். வாசனின் ‘ஔவையார்’ படம் வந்தது. திரையில் மூதாட்டியாக ஊர் ஊராக நடந்த அந்தப் பெண்ணுக்கு அப்போது நாற்பத்தைந்துகூட நிரம்பவில்லை. பிள்ளையாரிடம் கேட்காமலேயே, இருபத்தைந்து வயதில் வெள்ளைப் புடவையால் தன் இளமையைக் கழற்றி வைத்தவர், நடுவயதில் கிழவியானார். அந்தக் குரலின் முழுவலிமையும் நடுவயதின் வலிமை. அதைக் கேட்டு உருகிய நாம் பாட்டி பாடுகிறாள் என்றே நினைத்துக்கொண்டோம்.

வடமொழிச் சாத்திரத்தில் நடுவயதுக்கு வழி இருக்கிறது என்பார்கள். இருக்கிறது, ஆணுக்கு. தோல் சுருங்கி, தலை நரைத்து, பேரன் முகம் பார்த்ததும் இல்லறத்தான் காட்டுக்குப் போகலாம் என்கிறது மனு. மனைவியை மகன்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போகலாம், அல்லது கூட அழைத்துப் போகலாம். அவளுக்குத் தோல் சுருங்கினால் என்ன செய்வது என்ற கேள்வி அங்கே எழவில்லை. ஆர். சூடாமணி ‘நான்காம் ஆசிரமம்’ என்றே ஒரு கதைக்குப் பெயர் வைத்து அந்த வாசலைப் பெண்ணுக்காகத் தட்டிப் பார்த்தார். அதை மாணவியாக இருந்தபோது படித்தேன், இப்போதுதான் விளங்குகிறது.

என் அம்மாவுக்குப் பிறந்த தேதி தெரியாது. பள்ளியில் சேர்க்கப் போனபோது, தலைக்கு மேலே கையைச் சுற்றி மறுபக்கத்துக் காதைத் தொடச் சொன்னார்களாம். தொட்டதும் தலைமையாசிரியர் ஜூன் மாதத்தில் ஒரு தேதியை எழுதிக்கொண்டார். அதுதான் ஆதாரிலும் இருக்கிறது. அம்மாவுக்கு ஐம்பது வந்தது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாமலே போனது. ஆனால் ஒரு காட்சி நினைவிருக்கிறது. எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த காலம். நடு இரவில் எழுந்து பார்த்தால் அம்மா பக்கத்தில் இருக்கமாட்டாள். கொல்லையில் தொட்டியடியில் நின்று முகத்திலும் கழுத்திலும் தண்ணீரை அடித்துக்கொண்டிருப்பாள். “என்னம்மா?” என்று கேட்டால், “ஒண்ணுமில்லடி, புழுங்குது. நீ போய்ப் படு” என்பாள். அது மார்கழி மாதம். நான் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு வந்திருந்தேன்.

எனக்கே அந்தப் புழுக்கம் வந்தபோதுதான் அம்மாவிடம் கேட்டேன், உனக்கும் இப்படித்தான் இருந்ததா என்று. கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “ரெண்டு வருஷம் தூங்கல. யார்கிட்ட சொல்றது? உங்க பாட்டி எங்கிட்ட சொன்னாளா?” என்றாள். ஒரு நூறு தலைமுறையாக ஒவ்வொரு பெண்ணும் கொல்லைத் தொட்டியடியில் இதைத் தனியாகக் கண்டுபிடித்திருக்கிறாள். பூப்பெய்தினால் ஊரைக் கூட்டுகிறோம், தாய்மாமன் சீர் கொண்டு வருகிறார், ஒலிபெருக்கி கட்டுகிறோம். மாதவிடாய் நிற்கும்போது ஒரு வார்த்தை இல்லை. “நின்னு போச்சு” என்று சமையலறையில் குரலைத் தாழ்த்திச் சொல்வதோடு சரி.

உடம்பில் நடப்பதைச் சொல்வது கடினமில்லை. பெரும்பாலும் நாற்பத்தைந்துக்கும் ஐம்பத்தைந்துக்கும் இடையில் சினைப்பைகள் ஓய்கின்றன. ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. மூளையில் உடலின் வெப்பத்தைச் சீராக வைத்திருக்கும் பகுதி சின்ன மாற்றத்துக்கும் பதறுகிறது. சூடேறிவிட்டதென்று எண்ணி ரத்தக்குழாய்களை விரித்து, வியர்வையைக் கொட்டி, உடலைக் குளிர்விக்கப் பார்க்கிறது. தூக்கம் கலைகிறது. எலும்பு அடர்த்தி வேகமாகக் குறையும் ஆண்டுகளும் இவைதான். மருந்து இருக்கிறது, உணவு இருக்கிறது, நடை இருக்கிறது, இது கடந்துபோகும் என்ற செய்தி இருக்கிறது. இவ்வளவையும் ஒரு பெண்ணுக்குப் பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். சொல்வதற்கு ஆள் இல்லை. என் தெருவில் ஒருத்தி உதிரப்போக்கு அதிகம் என்று ஒரு மருத்துவமனைக்குப் போனாள். மருந்து கொடுத்துப் பார்ப்பதைப் பற்றிப் பேச்சே எழவில்லை. “பிள்ளை பெத்தாச்சு, இனி அது எதுக்கு, எடுத்துடலாம்” என்றார்களாம். அவள் மறுக்கவில்லை. இனி எதற்கு என்பதுதான் அவளும் தன்னைப் பற்றி நினைத்திருந்தது. என்னை உலுக்கியது அதுதான்.

ஐம்பதை எல்லையாக வைத்து ஒரு கதவு திறப்பதும் உண்டு. சபரிமலையில் 10 முதல் 50 வயதுவரை உள்ள பெண்கள் ஏறக்கூடாது என்ற வழக்கத்தை 1991-இல் கேரள உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது. 2018 செப்டம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகளில் நால்வர் அந்தத் தடை செல்லாது என்றார்கள். மாறுபட்டு எழுதிய ஒருவர், அந்த அமர்வில் இருந்த ஒரே பெண் நீதிபதி. பிறகு மலையேற வந்த பெண்களை மலையடிவாரத்திலேயே மறித்ததை நாடு பார்த்தது. எங்கள் தெருக் குருசாமி இந்த ஆண்டு என்னிடம் வந்து, “இனிமே நீங்களும் இருமுடி கட்டலாம்மா” என்றார். அன்பாகத்தான் சொன்னார். அவருக்கு நன்றி சொன்னேன். ஆனால் ஒரு வாசல் எனக்குத் திறப்பது நான் எதையோ அடைந்துவிட்டதால் அல்ல, என்னிடமிருந்து ஒன்று நீங்கிவிட்டதால் என்றால், அதை என் மரியாதையாக என்னால் ஏற்க முடியவில்லை. ஐயப்பன் மேல் எனக்குக் கோபமில்லை. என் வயதை எண்ணியவர்கள் மேல்தான் வருத்தம்.

எண்ணுவதைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். நான் பிறந்த ஆண்டுகளுக்கான மாதிரிப் பதிவுக் கணக்கின்படி, 1970–75 காலத்தில் இந்தியாவில் பிறந்த ஆண் குழந்தையின் சராசரி ஆயுள் எதிர்பார்ப்பு 50.5 ஆண்டு. பெண் குழந்தைக்கு 49.0. எல்லாரும் நாற்பத்தொன்பதில் இறந்துவிடுவார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. முதல் வயதைத் தாண்டாமல் போன குழந்தைகள் ஏராளம். அந்தச் சின்ன இறப்புகள் சராசரியைக் கீழே இழுத்தன. பிரசவத்தில் போன தாய்மார்களும் அதில் இருக்கிறார்கள். இயல்பாகப் பெண் உடம்புதான் நீடித்து வாழும்; அன்றைய இந்தியாவில் அது தலைகீழாக இருந்தது. எனக்கு முன்னால் பிறந்து நாற்பது நாள் இருந்த ஓர் அக்காவைப் பற்றி அம்மா எப்போதாவது சொல்வாள். என் ஐம்பதாவது பிறந்தநாளில், அந்தச் சராசரியின் அடியில் கிடக்கும் அவளைத்தான் முதலில் நினைத்தேன். தடுப்பூசி போட்டவர்கள், கிராமத்துக்குச் சைக்கிளில் வந்த செவிலியர்கள், பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி என்ற வழக்கத்தை உண்டாக்கியவர்கள் எல்லாரும் சேர்ந்து என்னை இந்தக் கரைக்குக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள்.

கொண்டுவந்து விட்ட அதே அரசு, இந்தக் கரையில் கேட்பதை நிறுத்திக்கொள்கிறது. நாட்டின் பெண்களைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி தேசிய குடும்பநல ஆய்விலிருந்து வருவது. 1992–93-இல் தொடங்கியது. சாப்பாடு, ரத்தசோகை, கணவனின் அடி, கையில் பணம், தனியாக வெளியே போகும் உரிமை என்று ஒரு பெண்ணின் வாழ்க்கையில் முக்கியமான எல்லாவற்றையும் அந்த ஆய்வு கேட்கிறது. பெண்களுக்கான அந்தத் தனிக் கேள்வித்தாளின் மேல் எல்லை 49 வயது. ஆண்களிடம் 54 வரை கேட்கிறார்கள். பிள்ளைப்பேற்றையும் குடும்பக் கட்டுப்பாட்டையும் அளக்கப் பிறந்த ஆய்வு அது. ஆகவே அந்த எல்லை. காரணம் புரிகிறது. ஆனால் ஐம்பது வயதுப் பெண்ணைக் கணவன் அடிப்பதில்லையா? அவளுக்குச் சோறு மிஞ்சுகிறதா என்று யார் கேட்பது? 2019–21 சுற்றில் மூத்தவர்களுக்கும் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்தார்கள். அளந்தார்கள், கேட்கவில்லை. 2017–18-இல் 45 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கென்று வேறொரு பெரிய ஆய்வு தொடங்கியது. நல்லது, அதன் பெயர் முதுமை ஆய்வு. பிள்ளை பெறுகிறவள், பிறகு மூத்தவள். உலா நூல்களின் வரிசை இன்னும் மாறவில்லை.

எங்கள் ஊரிலிருந்து கிழக்கே போனால் திருக்கடையூரும் காரைக்காலும். மேற்கே கும்பகோணம் சாலையில் கொஞ்ச தூரத்தில் மூவலூர். ஐம்பதுக்குப் பிறகு என் மனம் போகிற திசை அதுதான். 1883-இல் பிறந்து, பெண்ணைக் கோயிலுக்குத் தாசியாக நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டு வழக்கத்துக்குள் வளர்ந்து, அதை எதிர்த்து வெளியே வந்தவர் ராமாமிர்தம் அம்மையார். காங்கிரஸில் இருந்தார், பெரியாரோடு வெளியேறிச் சுயமரியாதை இயக்கத்துக்கு வந்தார். ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ என்ற நாவல் 1936-இல் வெளிவந்தபோது அவருக்கு வயது 53. தான் பார்த்த வாழ்க்கையை எழுத்தில் இறக்க அவருக்கு அத்தனை ஆண்டுகள் தேவைப்பட்டன. இருபது வயதில் அந்தப் புத்தகத்தை அவர் எழுதியிருக்க முடியாது; உள்ளே இருந்தவளின் அறிவும் வெளியே வந்தவளின் தெளிவும் சேர்ந்தால்தான் அது எழுதப்படும். 1938-இல் கட்டாய இந்திக்கு எதிராகத் தமிழர் படை ஆகஸ்ட் 1 அன்று திருச்சியிலிருந்து புறப்பட்டு, செப்டம்பர் 11 அன்று சென்னையை அடைந்தது. ஏறக்குறைய நூறு பேர். அதில் நடந்து வந்த ஒரே பெண் அவர். 55 வயது. நாற்பத்திரண்டு நாள் வெயிலிலும் மழையிலும் நடந்த அந்தக் கால்களுக்கும் மாதவிடாய் நின்ற உடம்பின் வலி இருந்திருக்கும், இரவில் அந்தப் புழுக்கமும் இருந்திருக்கலாம். அதே ஆண்டு சிறைக்கும் போனார். பொட்டுக்கட்டுவதைத் தடைசெய்யும் சட்டம் 1947-இல் வந்தபோது அவருக்கு 64.

அவர் கிழவியாகி வரம் வாங்கவில்லை. பேயாகவும் இல்லை. தன் வயதிலேயே நடந்தார், தன் வயதிலேயே எழுதினார். தேடியது எனக்குக் கிடைத்தது இங்கேதான், வீட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய தொலைவில். ஆனால் நாம் அவரை எப்படி நினைவு வைத்திருந்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். 1989-இல் தமிழக அரசு அவர் பெயரை ஓர் உதவித் திட்டத்துக்கு வைத்தது. அது ஏழைப் பெண்களுக்கான திருமண உதவி. பிற்பாடு தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. பல குடும்பங்களுக்கு அந்தப் பணம் பெரிய துணையாக இருந்தது. என் உறவிலேயே இருந்தது. இருந்தாலும், ஐம்பத்தைந்தில் நடந்தவரின் பெயர் இருபது வயதுப் பெண்ணின் தாலியோடு சேர்ந்துவிட்டது. 2022-இல் அந்தத் திட்டம் கல்லூரி மாணவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமாக மாறியதில் எனக்கு மகிழ்ச்சி. அவர் மகிழ்ந்திருப்பார் என்றும் நம்புகிறேன். நடுவயதுப் பெண்ணுக்கென்று ஒரு திட்டம் அவர் பெயரில் வர இன்னும் இடமிருக்கிறது.

இன்றைக்கு அந்த நடுவயதுப் பெண்ணைப் பார்க்க வேண்டுமென்றால் பகல் பதினொரு மணிக்கு எங்கள் ஊர் நகரப் பேருந்தில் ஏறிப் பாருங்கள். 2021 மே மாதம் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் நீங்கிய பிறகு, இந்த வயதுப் பெண்கள்தான் வண்டியை நிறைக்கிறார்கள். பூக்கூடையோடு ஒருத்தி, மகளிர் குழுக் கணக்கு நோட்டோடு ஒருத்தி, மகளின் பிரசவத்துக்குப் போகிற ஒருத்தி, சும்மா அம்மா வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிற ஒருத்தி. இந்தக் கடைசிப் பெண் எனக்கு மிக வேண்டியவள். காசு கேட்டு நிற்காமல், காரணம் சொல்லாமல், தனியாக எங்கோ போகிறாள். கோலில்லாமல் போகிறாள்.

அந்தக் குடும்பநல ஆய்வை நடத்துகிறவர்கள் அடுத்த சுற்றில் 49 என்ற எல்லையை எடுத்துவிட வேண்டும். மருத்துவர்களும் கிராமச் செவிலியர்களும் நாற்பத்தைந்தைத் தாண்டிய ஒவ்வொரு பெண்ணிடமும் மாதவிடாய் நிற்பதைப் பற்றி அவள் கேட்காமலே எடுத்துச் சொல்ல வேண்டும். வீட்டில் இருப்பவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். உங்கள் அம்மாவுக்கோ, அக்காவுக்கோ, மனைவிக்கோ ஐம்பது வருகிறதென்றால் அந்த நாளை அவளுடையதாகவே வையுங்கள். இரவில் தூக்கம் வருகிறதா, எங்கே வலிக்கிறது, எங்கே போக வேண்டும் என்று ஆசை, எதைப் படிக்க நினைத்து விட்டுவிட்டாள் என்று கேளுங்கள். பதில் உடனே வராது. யாரும் இதுவரை கேட்டதில்லை அல்லவா. அவள் சொல்லி முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.